ஏபிக்குள் இருந்த பி

அன்றைக்கு மத்தியானம் கடையில் இருந்தவர்கள் நான்கு பேர். கம்ப்யூட்டர் முன்னால் கடைக்காரர். ஜெராக்ஸ் மெஷின் ஓரமாக நான். பக்கத்துக் கடையில் இருந்து டீ கிளாஸோடு வந்து வாசலை அடைத்து நின்ற தையல்கார பாய். இன்சூரன்ஸ் கார்டை நகலெடுக்க வந்திருந்த பாரிவாக்கத்துக்காரர் ஒருவர். ரேஷன் கார்டில் பேர் சேர்க்க வந்த ஓர் அம்மாவும் கொஞ்ச நேரம் இருந்தார். சர்வர் சுற்றிக்கொண்டே இருந்ததால் பாதியில் எழுந்து போய்விட்டார். பாதியில் போனவரை இருந்தவர்களோடு சேர்க்கலாமா என்று கேட்டிருந்தால், கடைக்காரர் கையில் இருக்கிற வேலையை நிறுத்திவிட்டு உண்மையாகவே யோசித்திருப்பார். அவரைப் பற்றி இந்த ஒன்றைச் சொன்னாலே பாதி சொன்ன மாதிரி.

பாதி சொன்னால் சொன்னதாகாது என்பார் அவர். அதனால் மீதியையும் எழுதுகிறேன்.

கடை சென்னீர்குப்பத்தில், ஆவடி ரோட்டின் மேலேயே இருந்தது. ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம். போர்டில் 'ஆவடி ரோடு' என்று பெரிய எழுத்தில் இருக்கும். செல்போனில் ஆவடி என்று தேடுகிறவர்களுக்கு எங்கள் கடையையும் காட்டும் போலிருக்கிறது. அடிக்கடி யாராவது ஹெல்மெட்டைக் கழற்றாமலே வந்து, "ஆவடி ஸ்டேஷன் எந்தாண்ட?" என்பார்கள்.

"இது ஆவடி இல்லைங்க. ஆவடி ரோடு."

"அதான் சார், போர்டுல ஆவடின்னு போட்டுக் கீதே."

"பேருக்குள்ள ஆவடி இருக்கு. ஊர் ஆவடி இல்ல. நேரா போங்க, இன்னும் தூரம் இருக்கு."

கோபமில்லாமல்தான் சொல்வார். கேட்டவர்தான் முணுமுணுத்துக்கொண்டே வண்டியைத் திருப்புவார். பாய் தன் கடையில் இருந்தே குரல் கொடுப்பார்: "நைனா, வழி கேட்டா வழி சொல்லு. கோர்ட்டுல நிக்கிறா மாதிரி பேசாத."

எனக்கு அவரைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது அதிகம். நான் தம்பி என்பேன், அவர் அக்கா என்பார். நான் எட்டாவதோடு நின்றவள். அவர் கம்ப்யூட்டர் படித்து ஒரு கம்பெனியில் வேலையும் பார்த்தவர். அதை எதற்கு விட்டார் என்று நான் கேட்டதில்லை. 'நானா விட்டேனா, அவங்க விட்டாங்களா, எதைக் கேக்கறீங்க?' என்று திருப்பிக் கேட்பாரோ என்று பயம்.

எனக்கு எதற்கும் பயம்தான். ஷட்டரைப் பூட்டிவிட்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். எங்கள் வீட்டில் இதற்குச் சிரிப்பார்கள். அவர் சிரித்ததில்லை. "பூட்டின ஞாபகம் இருக்குன்றது வேற, பூட்டியிருக்குன்றது வேற. பாத்துட்டு வாங்கக்கா" என்று பைக்கில் உட்கார்ந்தபடி காத்திருப்பார். இந்த விஷயத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே ஜாடை என்று கொஞ்ச நாள் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. அவருக்கு ஒரு தடவை இழுத்துப் பார்த்தால் அதோடு முடிந்தது. நான் வீட்டுக்குப் போய், சோற்றைப் போட்டு உட்கார்ந்த பிறகு, இழுத்துப் பார்த்தது இன்றைக்கா நேற்றா என்று ஆரம்பிப்பேன்.

"சாப்ட்டீங்களா தம்பி?" என்று கேட்டால், "ரெண்டு பிஸ்கட் சாப்ட்டேன். அது சாப்பிட்டதுல வராது" என்பார். நான் கேட்டது ஒரு பேச்சுக்கு. அவருக்குப் பேச்சுக்குக் கேட்பது என்று ஒன்று கிடையாது.

இதில் எனக்கு அவர் மேல் எரிச்சல் வந்த நாளும் உண்டு. உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க ஒரு பெண்ணையும் அவள் அம்மாவையும் யாரோ அனுப்பியிருந்தார்கள். மறுநாள் கடைசி நாள். பள்ளிக்கூடத்துச் சான்றிதழில் பெண்ணின் பேர் மட்டும் இருந்தது. ஆதாரில் அந்தப் பேரோடு அப்பா பேரும் சேர்ந்து இருந்தது. இவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இப்படியே போட முடியாதும்மா" என்றார்.

"ரெண்டுலயும் எம்பொண்ணு பேருதானப்பா கீது?"

"இதுக்குள்ள அது இருக்கும்மா. ஆனா ரெண்டும் ஒண்ணு இல்ல. அந்த சைட்டு ரெண்டும் ஒண்ணான்னுதான் கேக்கும்."

"அதுக்குத்தான் அறிவு இல்ல. உனக்குமா இல்ல?"

அந்த அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். போட்டுத்தான் பார்க்கட்டுமே, திரும்பி வந்தால் அப்புறம் பார்த்துக்கொள்ளலாமே என்று எனக்கு மனது அடித்துக்கொண்டது. அவர் அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, கடையை என்னிடம் விட்டுவிட்டு, அவர்கள் இரண்டு பேரையும் ஆட்டோவில் ஏற்றிப் பள்ளிக்கூடத்துக்கே கூட்டிப் போனார். தலைமையாசிரியரிடம் முழுப்பேர் போட்ட கடிதம் வாங்கிக்கொண்டு சாயங்காலம் வந்து சேர்ந்தார். ஆட்டோவுக்கும் அவரே கொடுத்திருந்தார். "உங்க மொதலாளி நல்லவனா, இல்ல கிறுக்கனா?" என்று பாய் என்னைக் கேட்டார். தெரியவில்லை என்றேன்.

ரத்தம் கொடுக்கிறவர்களின் விவரத்தைக் கடைக் கம்ப்யூட்டரில் சேர்த்து வைக்கிற வேலையை அவர் எப்போது ஆரம்பித்தார் என்று எனக்குச் சரியாகத் தெரியாது. நான் வேலைக்குச் சேரும்போதே அது நடந்துகொண்டிருந்தது. நகலெடுக்க வருகிறவர்கள் காத்திருக்கிற நேரத்தில், விருப்பம் இருந்தால், பேர், ஊர், போன் நம்பர், ரத்த வகை என்று தாங்களே தட்டி வைத்துவிட்டுப் போவார்கள். யாருக்காவது ரத்தம் வேண்டுமென்றால் எங்களிடம் வருவார்கள். அதற்காக அவர் பைத்தானில் ஒரு சின்ன புரோகிராம் எழுதி வைத்திருந்தார். வேண்டிய வகையை அடித்தால், அந்த வகைக்காரர்களின் நம்பரை மட்டும் எடுத்துக் கொடுக்கும்.

நம்பர் வந்ததும் போன் பண்ணுவது என் வேலை. எனக்கு அதைவிடப் பயமான வேலை வேறில்லை. எதிர்ப்பக்கம் 'ஹலோ' என்றதும் நாக்கு குழறி, என் பேர், கடை பேர், மன்னிப்பு எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிவிடுவேன். அதனால் அவர் ஒரு தாளில் பெரிய எழுத்தில் அச்சடித்து மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தார். 'வணக்கம். ரத்தம் கொடுக்கிறேன்னு எங்ககிட்ட பேர் கொடுத்திருந்தீங்க. இப்ப உங்க ரத்தம் ஒருத்தருக்கு வேணும். வர முடியுமா?' அவ்வளவுதான். அதைப் பார்த்துப் படித்துவிடுவேன்.

ஒரு சமயம் ஓ பாசிட்டிவ் கேட்டு ஒரு குடும்பமே வந்தது. கம்ப்யூட்டர் இரண்டே பேரைக் காட்டியது. இரண்டு பேரும் போனை எடுக்கவில்லை. வந்தவர்கள் வேறு இடம் தேடிப் போய்விட்டார்கள். சாயங்காலம் இதைக் கேள்விப்பட்ட பாய் இடுப்பில் கை வைத்து நின்றார்.

"இன்னா நைனா, நான் ஓ பாசிட்டிவ்தானே? செவுத்துக்கு அந்தாண்டதான் கீறேன். ஒரு கொரல் குடுக்க மாட்டியா?"

தேடிப் பார்த்தபோது பாயின் பேருக்கு நேராக 'O+ve' என்று இருந்தது. அவரேதான் தட்டியது. நாங்கள் கேட்டது 'O+'. பின்னால் இருந்த இரண்டு எழுத்துக்காக, பாய் ஓ பாசிட்டிவ் இல்லை என்று கம்ப்யூட்டர் முடிவு கட்டியிருந்தது. கடைக்காரர் ரொம்ப நேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் புரோகிராமைத் திறந்து ஓர் இடத்தில் மாற்றினார். இரண்டு சமக்குறி இருந்த இடத்தில், அதை எடுத்துவிட்டு, 'இன்' என்கிற இரண்டெழுத்து இங்கிலீஷ் சொல்லைப் போட்டார். நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அது என்ன தம்பி, அவ்ளோதானா?"

"அவ்ளோதான். இவ்ளோ நாள் 'இதுவும் அதுவும் ஒண்ணா'ன்னு கேட்டேன். இனிமே 'இது அதுக்குள்ள இருக்கா'ன்னு கேக்கும். பாய் எழுதினதுக்குள்ள ஓ பிளஸ் இருக்குல்ல? மாட்டிக்குவாரு."

அவர் ஒன்றைத் தளர்த்தியதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். எனக்கு நிம்மதியாகவே இருந்தது. இனி யாரும் விட்டுப் போக மாட்டார்கள் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு வந்த ஓ, ஏ எல்லாம் சரியாகவே கிடைத்தன.

பாரிவாக்கத்துக்காரர் வந்தது அதற்கப்புறம். அவர் குடும்பத்துக்கு முன்பு அங்கே நிலம் இருந்ததாம். இப்போது குட்டியானை வண்டியில் தண்ணீர் கேன் போட்டுக்கொண்டிருந்தார். நகலெடுக்கக் கொடுப்பதற்குள் கார்டை இரண்டு தடவை கீழே போட்டார். என்னைவிடப் பதற்றமான ஆளைப் பார்த்தால் எனக்கு இன்னும் பதற்றம் வந்துவிடும்.

"ஊட்டம்மாவுக்கு நாளைக்கி கர்ப்பப்பை ஆப்பரேஷன் சார். ரத்தம் சுத்தமா கம்மியாக் கீதாம். பி பாசிட்டிவ் ஸ்டாக் இல்லையாம். நாலு மணிக்குள்ள மூணு பேரை இட்டுகினு வான்றாங்கோ. இல்லாங்காட்டி தள்ளி வெச்சுருவாங்கோ."

"தள்ளி வெச்சா?" என்று கேட்டார் கடைக்காரர்.

"ஏற்கெனவே ஒருவாட்டி தள்ளியாச்சு சார். அதுக்கப்பறம் போற ரத்தம் நிக்கவே இல்ல. இன்னொருவாட்டி தள்ளுனா தாங்க மாட்டான்னு டாக்டரம்மா சொல்றாங்கோ."

'B+' என்று அடித்தார். திரையில் ஆறு பேர் வந்தார்கள். நான் கண்ணாடிக்கு அடியில் இருந்த தாளைப் படித்தேன். இரண்டு பேர் எடுக்கவில்லை. நான்கு பேர் வருகிறேன் என்றார்கள். அதில் மூன்று பேர் நான் முடிப்பதற்குள்ளேயே எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டார்கள். இத்தனை ஆசையாக யாரும் ஒத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. மூன்று போதும், நான்கு கிடைத்ததே என்று பாரிவாக்கத்துக்காரர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அவர் குடித்துவிட்டு வைத்த தண்ணீர் பாட்டிலை மூடி, எனக்கே காரணம் தெரியாமல், மறுபடி திறந்து மறுபடி மூடினேன்.

இரண்டு மணிக்கு மேல் அவரிடமிருந்து போன். பின்னால் ஆஸ்பத்திரிச் சத்தம்.

"அக்கா, மூணு பேரைத் திருப்பி அனுப்பிட்டாங்கோ. ஏபியாம். இவுங்க ரத்தத்த அவளுக்கு ஏத்த முடியாதாம். ஒருத்தருதான் பி. இன்னாக்கா ஆள் அனுப்பிக் கீறீங்கோ?"

போனை அப்படியே கடைக்காரரிடம் கொடுத்தேன். அவர் கேட்டுக்கொண்டு, "இருங்க, அந்த ஒருத்தரை விட்டுடாதீங்க. ரெண்டு பேர் அனுப்பறேன்" என்று மட்டும் சொல்லி வைத்தார். அப்புறம் அந்த ஆறு பேரைத் திரும்பவும் திரையில் கொண்டுவந்தார். மூன்று பேருக்கு நேராக 'AB+' என்று இருந்தது. ஆள்காட்டி விரலை நீட்டி, முதல் எழுத்தை மறைத்தார். விரலுக்கு இந்தப் பக்கம் 'B+' என்று மிச்சம் இருந்தது.

"பாருங்கக்கா. உள்ள இருக்கு."

வாசலில் நின்ற பாய் எட்டிப் பார்த்தார். "கவுத்துடுச்சா உன் மெஷின்?"

"கவுக்கல பாய். பி பிளஸ் இதுக்குள்ள இருக்கான்னு கேட்டேன். இருக்குன்னு சொல்லிச்சு. சரியாத்தான் சொல்லிச்சு."

"அப்ப ஏபிகாரனப் பாதியா வெட்டித்தான் எடுக்கணும்" என்றார் பாய். யாரும் சிரிக்கவில்லை. அவரே அதற்கப்புறம் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

"பழையபடி மாத்திடுங்க தம்பி" என்றேன். "அந்த ரெண்டு சமக்குறியையே போட்டுடுங்க."

"போட்டா பாய் மாதிரி எழுதினவங்க விட்டுப் போயிடுவாங்க."

"அப்ப எதைத்தான் போடுறது? மணி ஆகுது."

"கேள்வியில இல்லக்கா. ஒருத்தர் சின்ன பி, ஒருத்தர் பெரிய பி, ஒருத்தர் இடம் விட்டு எழுதறாரு, ஒருத்தர் பாசிட்டிவ்னு முழுசா எழுதறாரு. முதல்ல எல்லாரையும் ஒரே மாதிரி ஆக்கணும். அப்புறம்தான் 'ஒண்ணா'ன்னு கேக்கணும். நான் அதைச் செய்யாமக் குறுக்கால போயிட்டேன்."

சொல்லிவிட்டுத் தட்ட ஆரம்பித்தார். எனக்கு அந்த நேரத்தைத் தாங்க முடியவில்லை. பட்டியல் முழுவதையும் அச்சடித்து ஆளுக்குப் பாதியாகக் கண்ணால் பார்த்துவிடலாம் என்று இரண்டு தடவை சொன்னேன். நானாகவே ஸ்கேலை எடுத்துத் திரையின் மேல் வைத்து, வரி வரியாகத் தேடவும் பார்த்தேன். அவசரத்தில் வரி தவறியது. அவர் ஸ்கேலை மெதுவாக நகர்த்திவிட்டுத் தட்டிக்கொண்டே இருந்தார். இடைவெளிகளை எடுத்தார். எழுத்துக்களை எல்லாம் பெரிய எழுத்தாக்கினார். 'பாசிட்டிவ்' என்று இருந்த இடத்தில் கூட்டல் குறி போட்டார். கூட்டல் குறிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்ததை வெட்டினார். கடைசியில் அந்த இரண்டு சமக்குறியைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தார்.

ஏபிகாரர்கள் மூன்று பேரும் திரையில் இருந்து போய்விட்டார்கள். அதுவரை நான் பார்த்தே இராத ஐந்து பேர் வந்தார்கள். 'பி பாசிட்டிவ்' என்று முழுசாக எழுதியவர்கள். முதல் கேள்விக்கும் சிக்காமல், இரண்டாவது கேள்விக்கும் சிக்காமல் இத்தனை நாள் அதற்குள்ளேயே இருந்திருக்கிறார்கள்.

"இந்தவாட்டி ஒண்ணு சேத்துக் கேளுங்க. அவங்க குரூப்பை அவங்க வாயால சொல்லட்டும்" என்றார் கடைக்காரர்.

முதல் நம்பர் அணைந்திருந்தது. இரண்டாவது, நாலு கடை தள்ளி வெல்டிங் பட்டறையில் வேலை பார்க்கிறவர். "பி பாசிட்டிவ்தான்கா, இன்னாத்துக்கு?" என்று கத்தினார், பின்னால் கிரைண்டர் ஓடியதால். விஷயத்தைச் சொன்னதும் தன் பைக்கிலேயே கிளம்பிவிட்டார். மூன்றாவது ஒரு பேக்கரி மாஸ்டர். "மாவு பெசஞ்சுகினு கீறேன். கையக் கழுவிகினு வந்துர்றேன்." பாய் தன்னிடம் தைக்க வந்திருந்த பள்ளிக்கூட யூனிஃபார்ம்களை அப்படியே போட்டுவிட்டு ஸ்கூட்டரை எடுத்தார். மாஸ்டரைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு அவர் போன வேகத்தைப் பார்த்து, இவர்கள் இரண்டு பேருக்கும் ரத்தம் தேட வேண்டி வருமோ என்று எனக்கு அடுத்த பயம் பிடித்தது.

நாலு மணிக்கு முன்னால் வெல்டிங்காரரும் மாஸ்டரும் ரத்தம் கொடுக்கிற கட்டிலில் படுத்துவிட்டார்கள். ஆப்பரேஷன் மறுநாள் நடந்தது. டிஸ்சார்ஜ் தாளை நகலெடுக்க வந்த பாரிவாக்கத்துக்காரர், "கஞ்சி குடிக்கிறா. என்னத் திட்டுறா. நல்லாத்தான் கீறா" என்றார். கடைக்காரர் நகலுக்குக் காசு வாங்கிக்கொண்டார்.

என் வரையில் விஷயம் அங்கே முடிந்துவிட்டது. அவருக்கு முடியவில்லை. திரும்பி அனுப்பப்பட்ட மூன்று பேருக்கும் போன் பண்ணி, வந்து போனதில் என்ன செலவு என்று கேட்கச் சொன்னார். அந்த போன்களுக்கு அவர் தாள் எதுவும் அச்சடித்துத் தரவில்லை, நானாகத்தான் பேசினேன்.

கரையான்சாவடி டீச்சர் ஒருவர் ஆட்டோ கூலியைச் சொன்னார். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒப்பந்த வேலை பார்க்கிறவர் அரை நாள் சம்பளம் போயிற்று என்றார். மூன்றாமவர் முத்தாபுதுப்பேட்டையில் இருந்து வந்த ஏசி மெக்கானிக்.

"செலவு கெடக்கட்டும்கா. எத்தினியோ வருசமா எங்கெங்கியோ பேர் குடுத்து வெச்சிருக்கேன். ஏபி ரத்தத்த ஏபிகாரனுக்குத்தான் ஏத்தலாமாம், அதனால எவனும் கூப்ட மாட்டான். மொத தபா நீங்க கூப்ட்டீங்கோ. ஊட்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டு ஓடியாந்தேன். அங்க போனா வாணாம்ட்டாங்கோ." சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

மற்ற இரண்டு பேரும் ஏன் அவ்வளவு ஆசையாக வந்தார்கள் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. இதை அப்படியே கடைக்காரரிடம் சொன்னேன். அவர் விரலை மேஜையில் வைத்து, எடுத்து, வைத்துக்கொண்டிருந்தார்.

"சரி. செலவு எவ்ளோன்னாரு?"

"சொல்லலை தம்பி."

"திரும்பக் கேளுங்க."

கேட்டேன். போக வர ஷேர் ஆட்டோவுக்கு நூற்றிருபது. அன்றைக்கு ஒத்துக்கொண்டிருந்த ஒரு சர்வீஸை விட்டுவிட்டு வந்ததில் நானூறு. அதை நான் தோண்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

டீச்சருக்கும் எஸ்டேட் தொழிலாளிக்கும் அவரே நேரில் போய்க் கொடுத்துவிட்டு வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை முத்தாபுதுப்பேட்டைக்குப் போனார். வீடு பூட்டியிருந்தது. அடுத்த தடவை போனபோது அங்கே வேறு குடும்பம் இருந்தது. மெக்கானிக் எங்கேயோ மாறிப் போய்விட்டாராம். நம்பரும் போகவில்லை. அதற்குள் எங்கள் கட்டடத்தை இடிக்கப் போவதாக ஓனர் சொல்லிவிட்டார். மெஷின்களை விற்றுவிட்டு, கோயம்புத்தூரில் ஏதோ வேலை கிடைத்து அவர் போனார். நான் இப்போது ஒரு மருந்துக் கடையில் பில் போடுகிறேன். அந்த ரோட்டில் போகும்போது, எந்த இடத்தில் கடை இருந்தது என்று சரியாகச் சொல்ல முடியவில்லை.

கொஞ்ச நாள் முன்பு போன் பண்ணினார். என் வீட்டை விசாரித்தார், பாயை விசாரித்தார். அப்புறம், "முத்தாபுதுப்பேட்டைக்காரர் கிடைச்சாரா?" என்றார்.

"இல்ல தம்பி. அதான் ரெண்டு பேருக்குக் குடுத்தாச்சே. அந்தம்மாவும் நல்லா இருக்காங்க. முடிஞ்ச மாதிரிதான்."

அவர் விடவில்லை.

"முடிஞ்ச மாதிரியா, முடிஞ்சுதா?"

"முடியல."

"எவ்ளோக்கா பாக்கி?" என்றார், தனக்குத் தெரியாத மாதிரி.

ஐந்நூற்று இருபது ரூபாய்.